வீணாகாத சூடு

உமாதேவி எரிசக்திப் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்தபோது, ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தொழிற்சாலையின் உலை டீசலில் ஓடிக்கொண்டிருந்தது. தூளை ஏற்றிக்கொண்டு அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும் லோரிகள் வெறுமையாக மலையேறித் திரும்பும். அவள் அதை மாற்றினாள். திரும்பி வரும் லோரிகளிலேயே செம்பனைக் கொட்டையின் ஓடுகளை ஏற்றி வரச் செய்தாள். எண்ணெய் ஆலைகள் ஒதுக்கித் தள்ளும் அந்த ஓடுகளை எரித்தே உலை ஓடத் தொடங்கியது.

அதோடு விடவில்லை. இலையைக் காயவைத்துவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்த சூடான காற்றைத் தகரக் குழாயில் பிடித்து மேல்மாடிக்கு அனுப்பினாள். பச்சை இலையைப் பரப்பி வாட்டும் இடம் அது. மழை பிடித்துக்கொண்டால் அங்கே நாள் முழுக்க மின்சார ஹீட்டர் எரியும். குழாய் வந்தபிறகு அது தேவைப்படவில்லை. கோலாலம்பூரிலிருந்து கம்பெனிக்காரர்கள் வந்து குழாயைத் தடவிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மற்ற தோட்டங்களிலும் இதையே செய்யப் போவதாகப் பேச்சு எழுந்தது. உமாதேவிக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

மேல்மாடியில் இலையைக் கிளறிவிடுகிறவர் காளியப்பன். அவர் மனைவி உஷா கீழே தூள் சலிக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் அவர் படியிறங்கி வந்து உமாதேவியின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"மேடம், மேல நின்னா தல கிர்ருங்குது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

"குளுருக்கு ஏதாச்சும் புடிச்சிருக்குமாண்ணே?"

"லீவு நாள்ல ஒண்ணும் இல்ல மேடம். மாடிக்கு ஏறுனாத்தான் வருது."

அன்றே அவள் உலையை ஆறவிட்டு உள்ளே விளக்கடித்துப் பார்த்தாள். உலையின் புகை இரும்புக் குழாய்களுக்குள்ளே ஓடிப் புகைபோக்கிக்குப் போய்விட வேண்டும். அந்தக் குழாய்களைச் சுற்றி வருகிற காற்றுதான் சூடாகி இலைக்குப் போகும். குழாய்கள் அரித்துப்போய் ஆங்காங்கே ஓட்டை விழுந்திருந்தது. புகை காற்றோடு கலந்து மேலே போய்க்கொண்டிருந்தது. அதில் வாசமில்லாத நஞ்சும் உண்டு என்பது அவள் படித்த படிப்பில் முதல் பாடம்.

தோட்ட மேனேஜர் மகேஸ்வரனைத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இன்னும் துரை என்றுதான் சொல்வார்கள். அவள் நேரே அவரிடம் போனாள்.

"சார், உலைக் குழாய் எல்லாம் அரிச்சுப்போச்சு. மாத்துற வரைக்கும் உலைய நிறுத்திடணும்."

"இலை குவியிற நேரத்துலயா? நிறுத்துனா பச்சை இலைய லோரில வேற ஃபேக்டரிக்கு அனுப்பணும். அந்த ரோட்டுல போய்ச் சேர்றதுக்குள்ள இலை வெந்துடும் லா. வருசக் கடைசில எப்படியும் மூடுவோம், அப்ப மாத்திக்கலாம்."

"அப்ப மாடிக்குப் போற காத்தையாவது அடச்சிடலாம்."

"அடச்சிட்டு? மறுபடி கரண்ட் ஹீட்டரா? இந்த மிச்சத்தப் பாக்கத்தானே எல்லாரும் வந்துட்டுப் போனாங்க. நீயே யோசி உமா."

அவள் யோசித்தாள். மாடிச் சன்னல்களைத் திறந்தே வைத்தால் புகை தங்காது என்றாள். அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

மாடிக் காற்றை அடைக்கும் கைப்பிடி உலைக்குப் பக்கத்துச் சுவரிலேயே இருந்தது. யாரையும் கேட்காமல் அவள் அதை இழுத்து மூடியிருக்கலாம். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது அதன் முன்னால் கொஞ்சம் நின்றாள். பிறகு மாடியேறிக் காளியப்பனிடம் போனாள்.

"அண்ணே, இந்தச் சன்னல மட்டும் எப்பவும் மூடாதீங்க."

"இலை வாடாதே மேடம்?"

"பரவால்ல. காத்து வரட்டும்."

காரணத்தைச் சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். சொன்னால் மாடிக்கு யாரும் ஏறமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வாரம் மழை விடவே இல்லை. ஈரக்காற்று மாடிக்குள் புகுந்து இலையை நனைத்தது. வாடாத இலை கீழே உருட்டும் இயந்திரத்தில் கூழாகி ஒட்டிக்கொண்டது. செம்பனை ஓட்டின் தரம் பார்க்க உமாதேவி தாப்பாவுக்கு இறங்கியிருந்த நாளில், மகேஸ்வரன் படிக்கட்டின் அடியில் நின்று, சன்னலை மூடச் சொல்லி மேலே பார்த்துக் கத்தினார். கீழே இருந்த எல்லாருக்கும் அது கேட்டது. காளியப்பன் சன்னல்களைச் சாத்தினார்.

சாப்பாட்டு நேரம் கழிந்தும் மாடியிலிருந்து இலை இறங்கவில்லை. ஏறிப்போன ஆள், வாட்டப் பரப்பியிருந்த இலையின்மேல் காளியப்பன் குப்புறக் கிடப்பதைப் பார்த்தான். புரட்டிப் பார்த்தபோது முகம் நன்றாகச் சிவந்து, தூங்குகிறவர் போலத்தான் இருந்தாராம். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் மகேஸ்வரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"விசாரிக்க ஆபீசர் வர்றாங்க. நீ சன்னலத் தொறந்து வைக்கச் சொன்னே. அவரு மூடிட்டாரு. இது உண்மைதானே? பொய் சொல்லச் சொல்லல. இத மட்டும் சொன்னாப் போதும்."

அவள் எழுந்து நேரே லயத்துக்குப் போனாள். உஷா வாசலில் சாமான் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"தொர ஏசினதாலதான் அவரு மூடுனாரு. கேட்டவங்க இருக்காங்க. ஆனா வந்து சொல்லமாட்டாங்க. அவங்களும் இந்த லயத்துலதானே இருக்கணும்."

"நான் சொல்றேன் உஷா."

"குழாய் ஓட்டைன்னு ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

"அவருக்கு?"

உமாதேவியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "சன்னல மூடாதீங்கன்னுதான் சொன்னேன். ஏன்னு சொல்லல."

உஷாவின் கை நின்றது. "ஏன்னு சொல்லியிருந்தீங்கன்னா, தொர என்ன, யாரு கத்துனாலும் அவரு மூடியிருக்க மாட்டாரு," என்றாள். அழுது தீர்ந்துபோன குரல்.

அதிகாரிகள் வந்தபோது உமாதேவி எல்லாவற்றையும் சொன்னாள். அரித்த குழாய்களைக் காட்டினாள். மகேஸ்வரனிடம் கேட்டதையும், அவர் மறுத்ததையும், தான் இழுக்காமல் விட்ட கைப்பிடியையும், காளியப்பனிடம் மறைத்ததையும் சொன்னாள். மகேஸ்வரன் எதுவும் தனக்கு நினைவில்லை என்றார். உலைக்கு முத்திரை வைத்தார்கள். வழக்கு தொடங்கியது. அவள் வேலையும் போனது.

தொழிற்சாலை மூடியதும் பச்சை இலை கம்போங் ராஜா என்ற ஊருக்கு அப்பால் இருந்த வேறொரு ஆலைக்கு லோரிகளில் போகத் தொடங்கியது. அவள் மிச்சப்படுத்திய டீசலெல்லாம் அந்த மலைப்பாதையிலேயே எரிந்தது. உலையிலும் மாடியிலும் சலிக்கும் பிரிவிலும் இருந்தவர்களுக்கு வேலை இல்லை. காளியப்பனோடு வேலை பார்த்தவர்களே அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "செத்தவரு செத்துட்டாரு. இருக்கறவங்க சோத்துலயும் மண்ணு," என்று ஒருத்தி அவள் காதில் விழும்படியே சொன்னாள்.

வேலை போனதால் உஷா லயத்து வீட்டை விட்டுவிட்டு, லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டு, வேறு வேலை தேடி ஈப்போ நகரத்துக்குப் போகும் முன் உமாதேவி அங்கே போனாள். நெகிழிக் கூரைக்குக் கீழே உஷா முட்டைக்கோஸின் வெளியிலைகளை உரித்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வழக்குக்குக் கூப்பிட்டா எங்க இருந்தாலும் வந்து சொல்வேன் உஷா."

"சொல்லுங்க." உஷா நிமிரவில்லை. "அதுக்குத்தான் ஒங்கள நம்பியிருக்கேன். ஆனா இங்க வராதீங்க மேடம். ஒங்களப் பாத்தா அன்னிக்கெல்லாம் என்னால சாப்புட முடியல."

உமாதேவி தலையாட்டிவிட்டுக் காருக்குத் திரும்பினாள்.