மூன்றாம் வளைவில் உடைந்த தடியங்காய்

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கரன்கோவிலுக்கு மேற்கே கரட்டுப்பொத்தை என்ற சிறு குன்றில் மலையேற்றக் கார் பந்தயம் நடந்தது. அடிவாரத்திலிருந்து உச்சியிலுள்ள முருகன் கோயில் வரை போகும் தார்ச்சாலைதான் பந்தயப் பாதை. கார்கள் ஒவ்வொன்றாக ஏறின; குறைந்த நேரத்தில் உச்சிக்குப் போகிறவருக்கு வெற்றி.

மூன்றாம் வளைவில் கொடி பிடித்து நின்றவர் யோகலட்சுமி. தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பந்தயத்தை நடத்திய மோட்டார் சங்கத்துக்கு அவருடைய கணவர் செல்வக்குமார் செயலாளர். ஆள் போதவில்லை, நிழலில் உட்கார்ந்து கொடி ஆட்டுகிற வேலைதான் என்று சொல்லி முதல் நாள் இரவு சம்மதிக்க வைத்திருந்தார். மூன்றாம் வளைவில் நிழல் என்று சொல்ல ஒரு உடைமரம் இருந்தது. அதன் அடியில் வாசுதேவநல்லூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் பாய் விரித்து, தூக்குச்சட்டியைத் திறந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கட்டுப்பாடு இழந்த கார் ஓடி வந்து நிற்பதற்காக ஒதுக்கிய இடம் அது. எழுந்திருக்கச் சொன்னபோது, சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடுவதாகச் சொன்னார்கள். பிறகு காப்பியும் குடித்தார்கள்.

மஞ்சள் கொடி காட்டினால் ஓட்டுபவர் கவனமாக வர வேண்டும். சிவப்புக் கொடி காட்டினால் உடனே நிறுத்த வேண்டும். இது ஓட்டுபவர்களுக்குத் தெரியும். பார்க்க வந்தவர்களுக்கு இருந்த ஒரே எச்சரிக்கை விசில். கார் வருகிறது, யாரும் சாலையில் இறங்கக் கூடாது என்று அதற்குப் பொருள். விசிலைப் பிச்சையாவிடம் கொடுத்திருந்தார்கள். அவர் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கார் வந்தாலும் ஊதினார், போனாலும் ஊதினார், யாராவது கயிற்றைத் தாண்டினாலும் ஊதினார். கார் வளைவை ஒழுங்காகத் திரும்பிவிட்டால், பஸ்ஸைக் கிளப்புவது போல இரண்டு தரம் ஊதி, கையையும் அசைத்தார். யோகலட்சுமி இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

“கை தன்னால போகுது டீச்சர்” என்றார் பிச்சையா.

பத்து மணிக்கெல்லாம் எல்லோரும் அந்த விசிலைக் காதில் வாங்குவதை நிறுத்தியிருந்தார்கள்.

காலையிலிருந்து சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே ஆள் இசக்கித்துரை. அவருடைய ஆடுகள் தினமும் அந்த வளைவில்தான் சாலையைக் கடந்து மேய்ச்சலுக்குப் போகும். பந்தயம் முடியும் வரை கடக்க வேண்டாம் என்று யோகலட்சுமி கேட்டுக்கொண்டபோது, ஆட்டுக்குப் பசித்தால் யார் பதில் சொல்வது என்று முனகினார். ஆனாலும் மந்தையைப் பாறைக்கு அந்தப் பக்கம் மடக்கி, கம்போடு குறுக்கே உட்கார்ந்துவிட்டார். ஒரு குட்டிகூட இந்தப் பக்கம் வரவில்லை.

சின்னக் கார்களின் பிரிவில் மூன்று பேர். மூவரில் முதலாவதாக வருபவர் கோயம்புத்தூரில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போகலாம். ஒருவருடைய கார் அடிவாரத்திலேயே புகைந்து நின்றுவிட்டது. அல் அமீன் ஏறி முடித்துவிட்டார். மிச்சம் இருந்தவர் தேன்மொழி. சங்கரன்கோவிலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பழைய காரை வாங்கி, ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளை அதன் அடியிலேயே படுத்துக் கழித்தவர். சனிக்கிழமை ஒத்திகையில் அல் அமீனைவிட வேகமாக வந்து, இதே மூன்றாம் வளைவில் சறுக்கிக் கல்லில் முட்டினார். விளக்கு உடைந்ததோடு போயிற்று. இந்த ஓட்டத்தில் முந்தினால் கோயம்புத்தூர் அவருக்கு.

தேன்மொழியின் அப்பா துரைப்பாண்டி இளையரசனேந்தல் பக்கம் மானாவாரி விவசாயம் பார்ப்பவர். கழுத்தில் ‘உதவியாளர்’ என்று எழுதிய அட்டை தொங்க, கையில் கனத்த துணிப்பையோடு மூன்றாம் வளைவுக்கு ஏறி வந்தார். பைக்குள் குங்குமம் தடவிய ஒரு தடியங்காய் இருந்தது. திருஷ்டி சுற்றி உடைக்கிற வெள்ளைப் பூசணிதான். புறப்படும் கோட்டில் உடைக்க விடவில்லையாம். அதுவும் நல்லதுதான், மகளின் கார் சறுக்கிய இடம் இதுதானே, இங்கேயே உடைத்துவிடுகிறேன் என்றார்.

சாலையில் உடைத்தால் சக்கரம் வழுக்கும், கூடவே கூடாது என்று யோகலட்சுமி சொன்னார். துரைப்பாண்டி சரி என்றார். பொறுமையாகக் கேட்டு, இரண்டு முறை சரி என்றார்.

அந்த நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து, தன் மகனுக்கு அரையாண்டுத் தேர்வில் கணக்கில் ஏன் அவ்வளவு குறைந்தது என்று கேட்டார். இது பந்தயப் பாதை, திங்கட்கிழமை பள்ளிக்கு வாருங்கள் என்று யோகலட்சுமி சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழே தேன்மொழியின் கார் புறப்படும் சத்தம் கேட்டது. பிச்சையா இரண்டு தரம் ஊதினார். பின்னால் சொத்தென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது சாலையின் நட்டநடுவில், கார் திரும்ப வேண்டிய இடத்தில், தடியங்காய் சிதறிக் கிடந்தது. சதையும் விதையும் குங்குமத் தண்ணீரும் சரிவில் வழிந்தன. துரைப்பாண்டி உடைத்த இடத்தை நோக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

யோகலட்சுமி அவருடைய சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்துவிட்டு, சிவப்புக் கொடியோடு வளைவுக்குக் கீழே ஓடினார். கார் டயர் தேய நின்றது. தேன்மொழி தலைக்கவசத்தைக் கழற்றியபடி இறங்கி வந்து, சாலையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

“விசில் அடிச்சாச்சுல்லா மக்கா. வண்டி கிளம்பிட்டுன்னுதான் உடைச்சேன்” என்றார் துரைப்பாண்டி. வண்டி கிளம்பும்போது உடைப்பதுதானே முறை என்று பிச்சையாவிடமும் கேட்டார். பிச்சையா வானத்தைப் பார்த்தார்.

யோகலட்சுமியின் வாக்கிடாக்கியில், பந்தயத்துக்கு மதுரையிலிருந்து வந்திருந்த நடுவர் கேட்டார்: பாதையில் தடை யாரால் ஏற்பட்டது? விதி காலையிலேயே எல்லோருக்கும் வாசிக்கப்பட்டிருந்தது. பார்வையாளராலோ கால்நடையாலோ தடை என்றால் மறு ஓட்டம் உண்டு. போட்டியாளரின் ஆட்களால் என்றால் கிடையாது.

யோகலட்சுமி பதில் சொல்வதற்குள், வாக்கிடாக்கியில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த செல்வக்குமார் செல்போனில் அழைத்தார். நம்ம ஊர்ப் பெண், ஒரு வருட உழைப்பு, யாரென்றாலும் பார்வையாளர் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் முடிந்தது என்றார். நிழலில் உட்காரும் வேலை என்று சொன்னவரும் இவர்தான். யோகலட்சுமி போனை அணைத்தார்.

துரைப்பாண்டி அதைவிடச் சுலபமான வழி சொன்னார். “ஆடு குறுக்க வந்துட்டுன்னு சொல்லிருங்க டீச்சர். யாரு கேக்கப் போறா?”

பாறை மேலிருந்து இசக்கித்துரை எழுந்தார்.

“ஏ அண்ணாச்சி, காலைல இருந்து பட்டினி போட்டு மடக்கி வச்சிருக்கேன். என் ஆடா ரோட்டுல தடியங்காய் உடைச்சுது? நாளைக்கு இந்த ரோட்டுலயே ஆட்டை விடாதன்னுவான். அப்ப நீரு வந்து மேய்ப்பீரா?”

பாய் விரித்திருந்த குடும்பம் இப்போது எழுந்து நின்று கவனித்தது.

தேன்மொழி வாக்கிடாக்கியை வாங்கி நடுவரிடம் தானே பேசினார். அப்பா தன் குழுவில் இல்லை, மேலே வரச் சொல்லித் தான் கூப்பிடவும் இல்லை என்றார். கழுத்தில் அட்டை இருக்கிறதா என்று நடுவர் கேட்டார். இருக்கிறது என்று தேன்மொழி ஒத்துக்கொண்டார். அட்டை இல்லாவிட்டால் அப்பா அடிவாரத்தில் கொட்டகைக்குள் போக முடியாமல் வெயிலில் நிற்க வேண்டியிருக்குமே என்று அவர்தான் கொடுத்திருந்தார்.

“அப்பாவை நானா சார் செலக்ட் பண்ணினேன்?” என்றார் கடைசியில். நடுவர் கொடிக்காரரிடம் கொடுக்கச் சொன்னார்.

யோகலட்சுமி வாங்கினார். வெயிலில் தலை வலித்தது. சின்னதாக ஒரு பொய் சொன்னால் இந்தப் பெண் இன்னொரு முறை ஓட்டுவாள், தானும் இந்த இடத்தில் இந்தப் பேச்சோடு நிற்க வேண்டியதில்லை. பார்வையாளர் என்று சொன்னால் அட்டை பொய்யாகும். ஆடு என்று சொன்னால், சொன்னபடி நடந்த ஒரே மனிதர் தலையில் விழும். எல்லோரும் தன் வாயையே பார்ப்பது அவருக்கு எரிச்சலாக இருந்தது. வேண்டாம் என்று அத்தனை தெளிவாகச் சொல்லியும் சரி, சரி என்று தலையாட்டிய மனிதரும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

“போட்டியாளரோட உதவியாளர் சார். தடியங்காய் உடைச்சிட்டார். நான் பார்த்தேன்” என்றார்.

சரி என்று நடுவர் இணைப்பைத் துண்டித்தார்.

துரைப்பாண்டி மகளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “ஒண்ணும் பேசாண்டாம். வண்டில ஏறுங்க” என்றார் தேன்மொழி. அவர் காலிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார். கார் மெதுவாகத் திரும்பி அடிவாரத்துக்கு இறங்கியது. பிச்சையா விசிலை வாய்வரை கொண்டுபோய்விட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

சாலையைப் பெருக்கி, கோயிலிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கழுவினார்கள். தார் காய்ந்ததும் பெரிய கார்கள் ஏறின. பந்தயம் பிற்பகலில் முடிந்தது. இசக்கித்துரையின் ஆடுகள் சாலையைக் கடந்தன. சின்னக் கார்கள் பிரிவில் அல் அமீன் முதலிடம் பெற்று, கோயம்புத்தூர் போட்டிக்குத் தேர்வானார். தேன்மொழிக்கு நேரம் பதிவாகவில்லை.