கருவேப்பிலைச் செடிக்குக் காவல்

மூன்றாவது கூட்டுப்புழுவையும் சௌந்தரபாண்டியன் முறைப்படியே படமெடுத்தார். நேராக ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அளவு தெரிவதற்கு அருகில் ஒரு ஸ்கேல். ராஜபாளையத்தில் சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவருக்கு வேறு விதமாகப் படமெடுக்கத் தெரியாது. அவருடைய செல்போனில் தட்டான், வெட்டுக்கிளி, பொறிவண்டு எல்லாமே திருட்டு வழக்கில் பிடிபட்ட முகத்தோடுதான் இருந்தன.

முதல் இரண்டும் அவரிடமிருந்து தப்பிவிட்டன. டிபன் முடித்து, சட்டை மாட்டி, பத்து மணிக்கு அவர் தோட்டத்துக்கு வரும்போது வெறுங்கூடுதான் தொங்கியது. வண்ணத்துப்பூச்சி விடியலிலேயே வெளியேறிவிடும் என்று அவருக்கு அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை. ஓய்வுக்குப் பின் அவரை ‘சார்’ என்று அழைப்பது பூச்சி ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றுதான். வண்ணத்துப்பூச்சி வெளிவரும் படத்தைப் போடுவதாக அங்கே இரண்டு முறை அறிவித்து, இரண்டு முறையும் மழைமேல் பழி போட்டிருந்தார்.

“செடியில இலையே மிச்சமில்ல. இதையும் கோட்டை விட்டியன்னா புழு அம்புட்டுக்கும் வேப்பெண்ணெய அடிச்சிருவேன்” என்றாள் மனைவி மாரிக்கனி.

ஆகவே இந்த முறை ஐந்தரைக்கே செடியை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கூடு கறுத்து, உள்ளே மடிந்த சிறகு தெரிந்தது. ஆறு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து குழுத் தலைவர் சோலைச்சாமி அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தோப்பில் கூடும் உறுப்பினர்களுக்கு சார்தான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். சார் போனோடு வாசலுக்கு நடந்தார்.

“பொறுமைதான் முக்கியம். ஒரு நிமிஷம் கண்ண எடுக்கக் கூடாது. நான் சர்வீஸ்ல இருக்கும்போது...”

“ஏங்க, கூடு வெடிக்கி. செத்த வாங்க.” தாளிக்க, மிஞ்சிய நாலு இலையைப் பறிக்க வந்த மாரிக்கனியின் குரல். அவர் திரும்பாமலே கையை உயர்த்தி அடக்கினார்.

கண்ணெடுக்காமல் இருப்பது பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டு வந்தபோது கூடு காலி. வானத்தைப் பார்த்தார். பழி போட ஒரு மேகம்கூட இல்லை.

“அந்த எண்ணெய எங்கட்டி வச்சிருக்க?” என்றார், தோற்ற குரலில்.

மாரிக்கனி தன் போனை நீட்டினாள். கூட்டைப் பிளந்து தலைநீட்டும் பூச்சி. ஓரத்தில் அவள் கட்டைவிரல். அடுத்ததில் அதன் இடப்பக்கம். அதற்கடுத்ததில் வலப்பக்கம். மூன்றிலும் ஸ்கேலுக்குப் பதில் கரண்டி.

“இப்படித்தான எடுப்பிய?”

வெகுநேரம் பார்த்தார். பிறகு படங்களைக் குழுவில் போட்டு, கீழே ‘படம்: மாரிக்கனி’ என்று ஒற்றை விரலால் தட்டினார்.

“எண்ணெய எடுத்தாரவா?” என்றாள் மாரிக்கனி.

“இருக்கட்டும்னு சொல்லேன்.”

“இருக்கட்டும். மொட்டைக் கொப்புல தளிர் விடுதுல்லா.”

உட்காரப் போனவர் நின்றார். நாற்காலிக் கையில், கறுப்பில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு, அது ஈரச் சிறகை மெல்ல விரித்து மூடிக்கொண்டிருந்தது. சௌந்தரபாண்டியன் போனை எடுக்கவில்லை. அது எழுந்து போகும்வரை, நின்றுகொண்டே இருந்தார்.