எதிரே வரும் வண்டி

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். அந்த முதல் ரிமோட் கார் நீலம் என்கிறாள் என் மனைவி. என் நினைவில் அது ஆரஞ்சு. என் சகலை சொல்லும் கதையில் கடைக்குப் போனவர்கள் அவரும் எங்கள் மாமனாரும் மட்டும்தான். நான் அதில் இல்லவே இல்லை. அவர் கதைகளில் மற்றவர்கள் இருப்பதே அபூர்வம் என்பதால் அதை நான் பொருட்படுத்துவதில்லை. பேசாமல் மூலையில் நிற்பவனை யாருடைய ஞாபகமும் சுமக்காது என்பதும் ஒரு நியாயம்தான்.

மாமனார் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வீட்டுக் காரின் சாவியையும் வேறு யாரையும் தொட விட்டதில்லை. ஒருநாள் சிக்னலில் நின்றிருந்தபோது அவருக்குக் கண் இருட்டி, பிரேக்கிலிருந்து கால் நழுவி, கார் மெல்ல உருண்டு முன்னால் நின்ற வேனின் முதுகில் முட்டியது. யாருக்கும் அடியில்லை. இனி ஓட்டவே கூடாது என்றார் டாக்டர். பெண்கள் இருவரும் சேர்ந்து காரை விற்றுவிட்டார்கள். அவர் சண்டை போடவில்லை. படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிட வருவார், போவார். முடிவெட்டிக்கொள்ளக்கூட வாசலைத் தாண்டவில்லை. இன்னொருவன் ஓட்ட, பக்கத்தில் பொட்டலம் மாதிரி உட்கார்ந்து வர மாட்டாராம்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் மருத்துவப் பரிசோதனைக்கு இழுத்துச் செல்லப்பட்ட வழியில், மூடிக்கிடந்த ஒரு கடை வளாகத்தின் வாகன நிறுத்தத்தில் வளர்ந்த ஆண்கள் சிலர் ரிமோட் கார் ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். சாப்பிடும்போது, “அந்த மாதிரி ஒன்னு எங்க கிடைக்கும்?” என்றார். மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மாதக்கணக்கில் அவர் கேட்ட முதல் பொருள் அது. இதிலும் மனசு விட்டுப்போனால் மனிதர் அந்த அறையை விட்டு வரவே மாட்டார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

புரிந்ததும் சகலை பொறுப்பேற்றுக்கொண்டார். மூத்த மாப்பிள்ளை, ஏசி விற்பவர். ‘தெரியாது’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஒரே வாரத்தில் உலகத்தில் உள்ள காணொளிகளை எல்லாம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பிரஷ்லெஸ் மோட்டார்தான் சகல. மத்ததெல்லாம் மிக்சிக்குப் போடறது. பாட்டரி லித்தியம். கண்ண மூடிக்கிட்டு வாங்கிடலாம்.”

“சரி,” என்றேன். கல்யாணமான நாள் முதல் நான் அவரிடம் சொல்லிவரும் சொல் அது. அவரிடம் வேறு சொல் செலவாவதில்லை.

கடை ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் திருகாணிகளும் சக்கரங்களும் தொங்கின. கடைக்காரர் நெற்றியில் பூதக்கண்ணாடி கட்டிக்கொண்டு எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“யாரு ஓட்டப்போறது?”

“மாமாதான்,” என்றார் சகலை.

“புதுசாப் பழகறவரா?”

மாமனாரின் கழுத்து நிமிர்ந்தது. கடைக்காரர் அதைக் கவனிக்காமல் தடித்த சக்கரம் வைத்த குட்டி லாரி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். “இது மெதுவாத்தான் போகும். ரிமோட்ல வேகத்தப் பாதியாக் குறைக்க சுவிட்ச் இருக்கு. முட்டினாலும் தாங்கும். உடைஞ்சா சாமான் இங்கயே இருக்கு. பழகறவங்களுக்கு இதான் சரி.”

“பழகறவங்களா? நான் ஆயுசு பூரா ஊர் ஜனத்த ஏத்திக்கிட்டு ஓட்டினவன்யா.”

“பஸ்ஸா?”

“பஸ்ஸுதான்.”

“இதுல உள்ள உட்கார முடியாதுங்களே,” என்றார் கடைக்காரர், பற்றவைப்பதை நிறுத்தாமல்.

சகலை சிரித்தார். “அவர் கையில பஸ்ஸே பம்பரமாச் சுத்தும். நீங்க அந்தத் தாழ்வான வண்டிய எடுங்க.” தரையோடு தரையாகப் படுத்திருந்த ஒரு பந்தயக் காரைக் காட்டினார்.

“அதுக்கு நான் சாமான் வச்சுக்கறதில்ல. வெளியூர்லேர்ந்து வரணும்.”

“உடைஞ்சாத்தானே?”

மாமனார் லாரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்தயக் கார் அவருக்குப் பிடித்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. ‘பழகறவர்’ என்ற சொல்லிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருந்ததோ, அவ்வளவு அது அவருக்கு உசத்தி. பெரும்பாலோர் தங்கள் வேலையையும் வாழ்க்கைத் துணையையும்கூட இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று படிகளில் இறங்கும்போது நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அதே வாகன நிறுத்தத்துக்குக் குடும்பமே போனது. மாமியாருக்கு மடக்கு நாற்காலி. சகலை துப்பாக்கி போன்ற அந்த ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒரு சொற்பொழிவு ஆற்றினார். விசையை இழுத்தால் வேகம், பக்கத்துச் சக்கரத்தைத் திருப்பினால் திருப்பம். வேகத்தைக் குறைக்கும் சுவிட்சைக் காட்டவே இல்லை. காட்டினால் அவமானம் என்று நினைத்திருக்கலாம். அது இருப்பதே அவருக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம்.

மாமனார் விசையை இழுத்தார். கார் குளவி மாதிரி சீறிக்கொண்டு போனது. கோடு போட்டாற்போல் நேர். மறுகோடியில் வளைத்துத் திருப்பியதைப் பார்த்து மாமியார் என் மனைவியின் கையைக் கிள்ளினார். சகலை எதிரே போய் நின்று அலைபேசியில் படம் பிடித்தார்.

இப்போது கார் எங்களை நோக்கி வந்தது. கொஞ்சம் விலகி, சகலை பக்கம் ஒதுங்கியது. மாமனார் திருப்பினார். இன்னும் ஒதுங்கியது. அதே பக்கம் இன்னும் திருப்பினார். வாழ்நாள் முழுக்க வண்டிக்குள் உட்கார்ந்து பழகிய கை. அது தன் வலதுபுறத்தையே வண்டியின் வலதுபுறம் என்று நினைத்தது. அவருடைய வலது கால் சிமெண்டுத் தரையை அழுத்தி அழுத்தி மிதித்ததை நான் பார்த்தேன். பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது. விரலோ விசையை விடவில்லை.

கார் சகலையின் முழங்காலுக்குக் கீழே, சதையே இல்லாத இடத்தில் மோதியது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். முன்சக்கரம் ஒன்று தனியாக உருண்டு போனது.

“ரிமோட்டு கோளாறு,” என்றார் மாமனார்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்றார் மாமியார்.

“வண்டி நம்மளப் பார்த்து வரும்போது இடது வலது மாறும் மாமா,” என்றார் தரையிலிருந்து சகலை. வலியிலும் விளக்கம் தந்தார். அந்த மட்டில் அவரைப் பாராட்ட வேண்டும். “அது சின்ன விஷயம்.”

“சின்ன விஷயத்த முன்னாடியே சொல்றதுக்கென்ன?” என்றாள் அவர் மனைவி.

மாமனார் உடைந்த காரைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் தள்ளினார். கதவைச் சாத்தினார். இம்முறை சாப்பிடவும் வரவில்லை. தட்டு உள்ளே போய் வந்தது.

“நீங்க போய் அப்பாகிட்ட உட்காருங்க,” என்றாள் என் மனைவி.

“நான் என்ன பேசுவேன்?”

“பேச மாட்டீங்க. அதான் உங்கள அனுப்பறேன்.”

உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எதிர்க் கட்டடத்தில் யாரோ போர்வை உதறிக் காயப்போட்டார்கள். அது காய்ந்திருக்கும் என்று தோன்றிய நேரத்தில் வாயைத் திறந்தார்.

“பெரிய மாப்பிள்ளைக்குக் கால் எப்படி இருக்காம்?”

“வீங்கியிருக்கு.”

“ரொம்பவா?”

“ரொம்ப இல்ல மாமா.”

“ம்,” என்றார். அதில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது போலப் பட்டது. பிறகு, “ஓடற வண்டியோட மூஞ்சிய நான் பார்த்ததே இல்ல மாப்பிள்ளை. அதுக்குள்ளயேதான இருந்தேன்,” என்றார்.

நான் குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து காரை எடுத்தேன். அவர் சட்டையை மாட்டினார். எந்த வண்டியிலும் பக்கத்தில் உட்கார்ந்து வர மாட்டார் என்பதால் கடைவரை நடந்தோம்.

கடைக்காரர் காரைத் திருப்பிப் பார்த்துவிட்டு மூக்கால் சிரித்தார். “எதிர்ல வந்துச்சா?”

“ஆமா.”

“எல்லாருக்கும் அங்கதான் போகும். சாமான் வர ரொம்ப நாளாகும்.”

“எதிர்ல வராத வண்டியா ஒன்னு குடுங்க,” என்றார் மாமனார்.

“குடுத்த கடன்தான் எதிர்ல வராது. வண்டி வரும்.”

மாமனார் சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய பைகளைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். அவர் இறங்கிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். அந்த லாரியின் படம் போட்ட பை ஒன்றைத் தொட்டு, உள்ளே இருந்த பாகத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். “வழியில நின்னா கைக்குச் சாமான் கிடைக்கணும்,” என்றார், எங்களுக்கல்ல. பிறகு கடைக்காரரிடம், “பழகறவன்தான். அதக் குடுங்க. அந்த சுவிட்சு எங்க இருக்குன்னும் காட்டுங்க.”

மறுநாள் முதல் அவர் குடியிருப்பைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். லாரி முன்னால் ஊர்ந்தது, அவர் பின்னால் போனார். அதை எதிரே வர விடவே இல்லை. அது திரும்பினால் இவரும் சுற்றிப் போய் அதன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார். பால்கனிகளில் சிரித்தார்கள். சகலை நொண்டிக்கொண்டே வந்து பார்த்தார்.

“இதுக்குக் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டுப் போகலாமே மாமா. ஒரு இடத்துல நின்னு ஓட்டணும். உலகமே அப்படித்தான் ஓட்டுது.”

“வண்டிக்கு முன்னாடி நிக்கிறவன் டிரைவர் இல்ல மாப்பிள்ளை. போலீஸு,” என்றார் மாமனார், நடையை நிறுத்தாமல். “ஓரமா நில்லுங்க. அந்தக் காலு வேற சரியில்ல.”

சகலை ஓரமாக நின்றார்.

அதன் பிறகு மாமனார் சில வருடங்கள் இருந்தார். தினமும் வெளியே போனார், முடிவெட்டிக்கொண்டார். எதிரே வரும் வண்டியை ஓட்டக் கடைசிவரை பழகவில்லை. சகலை உடைந்த காரைத் தானே சரிசெய்கிறேன் என்று எடுத்துப்போனார். பாகங்கள் வந்தன, கார் ஓடவில்லை. இப்போது ரிமோட் கார் சங்கத்தில் புதியவர்களுக்கு எதை வாங்குவது என்று ஆலோசனை சொல்கிறார். மாமியார் பெரிய பெண்ணோடு இருக்கிறார். லாரியைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொண்டு யாருக்கோ விற்றுவிட்டார். கடை மூடப்பட்டது. நானும் என் மனைவியும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். காரின் நிறம் பற்றி இன்னும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.