சாமிக்குப் போகும் பெட்டி

கரண்டிகளைக் கொத்தாக அள்ளிப் பெட்டிக்குள் எறிந்தாள் முருகலட்சுமி. அவை விழுந்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். கேட்கட்டுமே. அழக் கூடாது என்றுதான் அவளுக்கு உத்தரவு. கரண்டியை எறியக் கூடாது என்று எந்த மகராசனும் சொல்லவில்லை.

“மெதுவா வையி தாயி. எல்லாம் சாமிக்குப் போற சாமான்,” என்றார் அருஞ்சுனை.

அவள் கணவனின் மூத்த அண்ணன். குளித்து முழுகி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மடிப்புக் கலையாத வேட்டி கட்டி நடுக்கூடத்தில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஓர் அறை பூட்டிக் கிடந்தது. அந்த அறைக்குள் சண்முகவடிவு செத்துக் கிடந்தாள்.

சண்முகவடிவு அந்த வீட்டின் நடு மருமகள். மகள் பிரவீணா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடமே புருசன் போய்ச் சேர்ந்துவிட்டான். பாளையம்பட்டியில் அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவாக மளிகைக் கடை இருந்தது. அதை நம்பி இங்கேயே இருந்து, கடைக்கு மிளகாய் காயப்போட்டு, வீட்டுக்குச் சோறாக்கி, மகளைக் காரியாபட்டியில் கட்டிக்கொடுத்தாள். கொஞ்ச நாளாக நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. மதுரைக்குக் கூட்டிப்போய் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். ‘சாமி கும்பிடு முடியட்டும்’ என்றார் அருஞ்சுனை. அவளும் பொறுத்துத்தான் பார்த்தாள். அதற்கு மேல் முடியவில்லை, போய்விட்டாள்.

விடிந்தும் விடியாமலும் காப்பி கொண்டு போனவள் முருகலட்சுமிதான். சண்முகவடிவு சுவர்ப் பக்கம் ஒருக்களித்து, கன்னத்தைத் தலையணையில் அழுத்தி, தூங்குகிறவள் மாதிரியே இருந்தாள். தொட்டால் ஜில்லென்றது. மல்லாக்கத் திருப்பிப் படுக்க வைத்து, காலை நீட்டிவிட்டு, ‘ஐயோ அக்கா’ என்று வாயெடுப்பதற்குள் ஜெயக்குமார் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினான். கட்டின புருசன். பொத்திய கையை எடுக்காமலே அண்ணனைக் கூப்பிட்டான்.

அருஞ்சுனை வந்தார். வந்தவர் நிலைப்படியைத் தாண்டவில்லை.

“நான் உள்ள வரல. நான் எதையும் பாக்கல,” என்றார்.

முருகலட்சுமிக்கு முதலில் அது விளங்கவேயில்லை. விளங்கியபோது காது இரண்டும் சூடாகிப்போனது. இன்றைக்குக் குலசாமி கும்பிடு. பங்காளிகளில் ஒரு வீட்டில் சாவு விழுந்தாலும் எல்லோருக்கும் தீட்டு, சாமி கும்பிடு நின்றுபோகும். கொரோனாவில் நின்றது. பிறகு ஒரு பெரியப்பா செத்து நின்றது, அதற்குப் பிறகு ஒரு சித்தப்பா. இந்த வருடம்தான் கூடி வந்தது. சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சனம் வந்து இறங்கிவிட்டது. கிடாயெல்லாம் கோயிலுக்குப் போய்விட்டது. மூத்தவரின் பெண்சாதி பொன்னுத்தாய் நேற்றே போய்ப் பரளச்சிக்கு அந்தப்பக்கம் பொட்டல் காட்டில் கோயில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, இந்த வருடம் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை அருஞ்சுனைக்கு.

“சாயங்காலம் திரும்பி வந்து சொல்லிக்கிடலாம். தெரிஞ்சாத்தான தீட்டு? தெரியாத வரைக்கும் ஒண்ணுமில்ல.”

“ஒங்களுக்குத் தெரியுமே பெரியத்தான்?”

“எனக்கு என்ன தெரியும்? நீ சொல்ற. நான் என்ன டாக்டரா?”

“நான் அவுகளத் தொட்டுப் படுக்க வச்சிருக்கேன். இந்தக் கையாலயா ஒங்க சாமிக்குச் சோத்துப் பெட்டி அடுக்கச் சொல்றீக?”

“கையக் கழுவிட்டு அடுக்கு.”

சொல்லிவிட்டு, நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே எட்டிக் கதவை இழுத்துப் பூட்டினார். சாவியை மடியில் செருகிக்கொண்டார். பூட்டு எதற்கு என்று கேட்டதற்கு, பூனை கீனை நுழைந்துவிடும் என்றார். மனுசனுக்கு நாக்கு கூசவில்லை. ஜெயக்குமார் தரையில் எதையோ தேடுகிறவன் மாதிரி குனிந்தே நின்றான்.

அந்த இரும்புப் பெட்டி இரண்டு ஆள் தூக்கும் கனம். பச்சை பெயிண்ட் அடித்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தது. வருடம் பூராவும் மாடிப்படிக்கு அடியில் கிடக்கும், சாமி கும்பிடு வந்தால் வெளியே வரும். கேஸ் அடுப்பு, அதற்கு டியூப், லைட்டர், லைட்டர் மக்கர் பண்ணினால் தீப்பெட்டி, அஞ்சறைப் பெட்டி, அரிவாள்மனை, தேங்காய் துருவி, பிடிதுணி, எண்ணெய் கேன், வடிகட்டி என்று அதற்குள் ஒரு குடும்பமே குடியிருக்கும். வருடா வருடம் அடுக்குகிறவள் சண்முகவடிவு. காட்டில் இறங்கியதும் உடைமர நிழலில் பெட்டியை வைத்து மூடியைத் திறந்து உட்கார்ந்தாளென்றால், சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். தாலி இல்லாதவள் பொங்கல் பானையில் கை வைக்கக் கூடாது. அதனால் பானைப் பக்கம் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அவள் ஆக்குகிற கறிக்குழம்பு மட்டும் வேண்டும். கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் எல்லாம் ‘மதினி ஒரு காப்பி’, ‘அத்தை இன்னுங் கொஞ்சம் சோறு’ என்று அந்த மூடிக்குப் பின்னால் தெரிகிற பாதி முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். மீதி முகத்தை எவன் பார்த்தான்?

முருகலட்சுமி அடுப்பை வைத்துவிட்டு அதன் மேல் உப்பு ஜாடியை வைத்தாள். ஜாடி சாய்ந்தது. எடுத்து மூலையில் வைத்தாள், அங்கே எண்ணெய் கேன் இடித்தது. உப்பை எங்கே வைப்பாள் இந்த அக்கா? ‘உப்ப எங்கக்கா வைக்க?’ என்று கேட்க வாய் வந்தே விட்டது. திரும்பியவள் பூட்டைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஜாடியைப் பழைய துணியில் சுற்றி அடுப்புக்கும் பெட்டித் தகரத்துக்கும் நடுவில் திணித்தாள்.

அப்போது செல்போன் அடித்தது. பிரவீணா.

அருஞ்சுனை பேரைப் பார்த்தார். “எடு. வீட்டுக்கு வர வேணாம்னு சொல்லு. நேரா கோயிலுக்குப் போகட்டும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “வந்துச்சுன்னா எல்லாம் கெட்டுது. ஒங் கையிலதான் இருக்கு,” என்றார்.

“நீங்களே சொல்லுங்களேன்.”

“அதுக்கு ஓம்மேலதான பாசம்.”

பாசத்தைக்கூட வேலைக்கு வைத்துக்கொள்கிற குடும்பம். முருகலட்சுமி போனை எடுத்தாள்.

“சித்தி, பஸ்ஸு ஏறிட்டேன். இவுக பெறகு பைக்குல வாராகளாம்.” பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலே பிரவீணா கத்திப் பேசினாள். “அம்மாகிட்டக் குடுங்க.”

“தூங்குறாக.”

“இன்னுமா?”

“மாத்திரை போட்டுருக்காக. நல்லாத் தூங்கட்டும். நீ வீட்டுக்கு வராத பிரவீணா, பஸ் ஸ்டாண்டுல எறங்கி, பரளச்சி பஸ்ஸப் பிடிச்சு நேரா கோயிலுக்குப் போயிரு. இங்க எல்லாரும் கெளம்பிட்டாக.”

“ஒரு எட்டு அம்மாவப் பாத்துட்டு வாரேனே.”

“எழுப்ப வேணாம்னு பாக்குறேன்,” என்றாள் முருகலட்சுமி. தன் குரல் இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்லும் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

“சரி சித்தி. நேத்து ராத்திரி பேசுனப்ப மூச்சு முட்டுதுன்னா. நாளைக்கு நானே மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன், பெரியப்பாகிட்டச் சொல்லிருங்க. இனிமே யாரையும் எதிர்பாக்க வேணாம்.”

போனை வைத்தாள். அருஞ்சுனை, “நல்ல பிள்ள,” என்றார். பிரவீணாவைச் சொன்னாரா, அவளைச் சொன்னாரா என்று தெரியவில்லை. இரண்டு பேரில் யாரைச் சொல்லியிருந்தாலும் அந்த வாயில் அடிக்கலாம் போலிருந்தது.

வாசலில் டெம்போ வந்து நின்றது. டிரைவர் வீரணனும், பங்காளி வகையில் தம்பி முறையான சின்னச்சாமியும் உள்ளே வந்து ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்தார்கள். ஒரு மூச்சில் தூக்கிக் கொண்டுபோய் வண்டியில் ஏற்றினார்கள். தெருவில் வேன் ஒன்றும் நின்றது. அதற்குள் பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாகப் பெண்கள், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பிள்ளைகள்.

“நீ வீட்டுலயே இரு,” என்று அருஞ்சுனை அவளிடம் மெல்லச் சொன்னார். “ஒடம்பு சரியில்லாதவளத் தனியா விட்டுட்டு வந்தா கேப்பாக.”

“சாவியக் குடுத்துட்டுப் போங்க.”

“எதுக்கு? நீ உள்ள போயி ஒக்காந்து அழுவ. அக்கம்பக்கத்துல கேக்கும்.”

சாயங்காலம் வரைக்கும் பூட்டிய கதவுக்கு வெளியே காவல் இருக்கச் சொல்கிறார். நாய்க்குக்கூட இப்படி ஒரு வேலை வைக்க மாட்டார்கள். முருகலட்சுமி அவர் பின்னாலேயே வாசலுக்கு வந்தாள். எதற்கு வந்தாள் என்று அப்போது கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

சின்னச்சாமி டெம்போவில் பெட்டியைத் தட்டிக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தான். “என்ன அண்ணாச்சி, பெட்டி வருது, நடு மதினியக் காணோம்? மதினி வராம யாரு கொழம்பு வைக்க? நாங்க கோயிலுக்கு வாரதே அதுக்குத்தான.”

வேனுக்குள் சிரித்தார்கள். அருஞ்சுனையும் சிரித்தார்.

“மேலுக்கு முடியலப்பா, படுத்திருக்கா. அடுத்த வருசம் வருவா.”

அடுத்த வருசம் வருவாளாம். முருகலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டெம்போவின் பின்பக்கம் போய்ப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

“எறக்குங்க இத.”

“என்ன மதினி, எதையும் மறந்துட்டீகளா?” என்றான் சின்னச்சாமி.

“எறக்குங்கன்னு சொல்றேன்ல. இது சாமிக்கு ஆகாது. செத்தவளத் தொட்ட கையால அடுக்குன பெட்டி.”

அருஞ்சுனை, “ஏ முருகலட்சுமி!” என்று பாய்ந்து வந்தார். “பித்துக் கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? ஒண்ணுமில்லப்பா, ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கு, என்னமோ உளறுது.”

“உளறலய்யா! சண்முகவடிவு அக்கா செத்துப் போனாக. விடியறப்பவே போயிட்டாக. ஒங்க அண்ணாச்சி மடியிலதான் சாவி இருக்கு, வேணும்னா வாங்கித் தெறந்து பாருங்க!” தொண்டை கிழிந்தாலும் பரவாயில்லை என்று கத்தினாள். அருஞ்சுனையின் பக்கம் திரும்பினாள். “கையக் கழுவிட்டு அடுக்குன்னீகல்ல? நான் கழுவல பெரியத்தான். உப்பு, புளி, கரண்டி, அடுப்பு எல்லாத்தையும் அந்தக் கையாலதான் தொட்டு வச்சிருக்கேன். கொண்டு போயி ஆக்கித் தின்னுங்க, போங்க!”

வீரணன் போய் எஞ்சினை நிறுத்தினான். வேனுக்குள் ஒரு கிழவி ‘எம்மா வடிவு’ என்று தலையில் அடித்துக்கொண்டாள், அவ்வளவுதான், மற்ற பெண்களும் அழுதுகொண்டே படபடவென்று இறங்கினார்கள்.

“என் குடியக் கெடுத்துட்டியேடி,” என்றார் அருஞ்சுனை. இத்தனை வருடத்தில் அவளை ‘டி’ போட்டுப் பேசியதில்லை.

“சாவியக் குடுங்க.”

அவர் அசையவில்லை. ஜெயக்குமார் வந்தான். அண்ணனின் மடியில் கையை விட்டுச் சாவியை எடுத்தான். முகத்தைப் பார்க்காமல் பெண்சாதியிடம் நீட்டினான். இப்போதாவது எடுத்தானே என்று வாங்கிக்கொண்டாள். போனில் பிரவீணாவைக் கூப்பிட்டாள்.

“எங்க இருக்க?”

“பஸ் ஸ்டாண்டுல சித்தி. பரளச்சி பஸ்ஸு இப்பத்தான் வந்து நிக்குது.”

“ஏறாத. ஆட்டோவப் பிடிச்சு வீட்டுக்கு வா.”

என்ன ஏது என்று பிரவீணா கேட்கவில்லை. போன் நின்றுவிட்டது.

கதவைத் திறந்து உள்ளே போன முருகலட்சுமி அப்படியே நின்றாள். அவள் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் போன சண்முகவடிவின் வாய் திறந்து கிடந்தது. கொட்டாவி விடுகிற மாதிரி, நன்றாகத் திறந்து. உயிர் போன கையோடு தாடையைச் சேர்த்து ஒரு துணியைக் கட்டிவிட வேண்டும். எந்த வீட்டிலும் யாரும் மறக்காத காரியம். அந்த நேரத்தில் அவள் லைட்டர் எரிகிறதா என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணியைக் கிழித்துத் தாடையைச் சுற்றி உச்சியில் இறுக்கினாள். மூடவில்லை. அவிழ்த்துவிட்டு மறுபடி இறுக்கினாள். விறைத்துப்போயிருந்தது. உள்ளங்கையைத் தாடைக்கு அடியில் கொடுத்து, பலம் கொண்ட மட்டும் மேலே தள்ளினாள்.

“இனி மூடாது தாயி, விடு,” என்றாள் கிழவி. “மொதல்லயே கட்டியிருக்கணும்.”

முருகலட்சுமி விடவில்லை. பெண்கள் விளக்கேற்றினார்கள், தலையைத் தெற்கே திருப்பிப் போட்டார்கள், சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அவள் தாடையைத் தாங்கிக்கொண்டே கட்டிலோடு நகர்ந்து கொடுத்தாள். அழுகை வரவில்லை. காலையில் வந்த அழுகை, பொத்திவைத்ததில் எங்கேயோ போய்விட்டது.

ஆட்டோ சத்தம் கேட்டது. பிரவீணா செருப்போடு உள்ளே ஓடிவந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். திறந்த வாயைப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், கையைத் தூக்கப் பார்த்தாள். கை வளையவில்லை. அழுதுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

“எப்ப சித்தி?”

நிலைப்படிக்கு அந்தப் பக்கம் அருஞ்சுனை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஜெயக்குமார் சுவரைப் பார்த்தான்.

“விடியக்காலையில,” என்றாள் முருகலட்சுமி.

“நான் பஸ்ஸுல இருந்து பேசுனனே சித்தி. தூங்குறாகன்னு சொன்னீகளே.”

முருகலட்சுமி தாடைக்கு அடியில் கொடுத்திருந்த கையை எடுக்கவில்லை. பிரவீணா அந்தக் கையைப் பிடித்தாள். விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள், அப்பால் தள்ளி வைத்தாள். அந்த இடத்தில் தன் கையை வைத்துக்கொண்டாள்.