சரிபார்க்கப்பட்ட பன்னிரண்டு

"பன்னிரண்டுன்னு நீதானேடி போட்டே, இப்ப வந்து..."

"தப்பாப் போட்டுட்டேன்னுதானேக்கா அரை மணி நேரமா..."

"மெதுவாப் பேசு. அடுத்த ரூம்ல எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க."

நகல் எடுக்கும் அறையில் இரண்டு பேர் நிற்கவே இடம் சரியாக இருந்தது. அக்கா கருக்கலைப்பு மசோதாக் குழுவின் தலைவி. தங்கை அதே குழுவின் ஆய்வாளர். பத்தொன்பது நாட்டுச் சட்டங்களைப் படித்து, எங்கே எத்தனை வாரம் வரை அனுமதி என்று அட்டவணை போட்டவள் அவள்தான். 'பெரும்பாலான நாடுகளில் பன்னிரண்டு' என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு, ஆறு வாரத்துக்கு மேல் பேச்சே கிடையாது என்றிருந்த எதிர்த்தரப்போடு அக்கா எட்டு மாதம் மல்லுக்கட்டிப் பன்னிரண்டுக்குச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

காலையில் பிழை பார்க்கும்போதுதான் தங்கைக்குத் தவறு கண்ணில் பட்டது. பன்னிரண்டு போட்டிருந்த பதினொரு நாடுகளில் ஏழு, கரு உண்டான நாளிலிருந்து எண்ணுகின்றன. மசோதா எண்ணுவதோ, ஆஸ்பத்திரியில் எண்ணுகிற மாதிரி, கடைசி மாதவிலக்கிலிருந்து. அவர்களுடைய பன்னிரண்டு இங்கே பதினான்கு. பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே பத்தியில் அடுக்கிவிட்டாள்.

"ரெண்டு வாரம்தானேடி."

"நாள் தள்ளிப்போனது உறைச்சு, யார்கிட்ட சொல்றதுன்னு முழிச்சு, லீவு கேட்டு டாக்டர்கிட்ட போறதுக்கே பத்து வாரம் ஆயிடும்க்கா. அந்த ரெண்டு வாரத்துல எத்தனை பேர் வந்து நிப்பாங்க தெரியுமா?"

"தெரியும். இப்ப வாயைத் திறந்தா, அட்டவணையே பித்தலாட்டம்னு அவங்க பக்கத்துப் பெரியவர் எழுந்து போயிடுவார். அப்புறம் என்ன மிஞ்சும்? உயிருக்கு ஆபத்துன்னாத்தான் கையே வைப்பாங்கங்கிற இப்போதைய சட்டம். கிடைக்கிறதை வாங்கிட்டு மிச்சத்தை அடுத்த தடவை கேட்போம்."

"அடுத்த தடவை எப்பக்கா? இது வர்றதுக்கே முப்பது வருஷம் ஆச்சு."

"அதனாலதான் சொல்றேன். போடு."

அட்டவணையின் அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்பதற்கு எதிரே வெற்றிடம். தங்கையின் கையெழுத்து விழாமல் அது வாக்கெடுப்புக்குப் போகாது. இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு எதிர்த்தரப்பின் பெரியவரே வந்துவிட்டார்.

"என்னம்மா, அக்கா தங்கச்சிக்குள்ள பாகப்பிரிவினையா? நாங்க அங்க நாற்காலியைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கோம்."

அக்கா சிரித்தாள். அப்பாவிடம் மார்க் அட்டையை நீட்டும்போது சிரிக்கிற சிரிப்பு அது என்று தங்கைக்கு மட்டும் தெரியும்.

பெரியவர் காகிதத்தை எடுத்து, பன்னிரண்டுகளின் மேல் ஒவ்வொன்றாக விரலை ஓட்டினார்.

"கட்சிக்காரங்க வாயில விழுந்து எழுந்திருக்கேன். என் பொண்ணு மூணு நாளா என்கூடப் பேசலை. இந்தக் காகிதத்தை நம்பித்தான் இவ்வளவு இறங்கி வந்தேன்."

அக்காவின் கண் தங்கையை விட்டு அசையவில்லை. பெரியவர் தம் பேனாவின் மூடியைக் கழற்றித் தங்கையிடம் நீட்டினார்.

"கணக்கெல்லாம் சரிதானேம்மா?"