பிழைத்திருப்பார்

பேருந்து ஓட்டுநருக்கு மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்ததும், அவர் மனைவிதான் விடாப்பிடியாக டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவள் வீட்டோடு தையல் கடை வைத்திருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்கள் குடும்பத்துக்கு வைத்தியம் அந்த டாக்டரிடம்தான். மகளைக் குழந்தையிலிருந்தே பார்த்தவர்.

"நாள் பூரா சீட்டுல உட்கார்ந்தா மூலம் வராம மாலையா வரும்?" என்று சிரித்தபடி களிம்பு எழுதிக்கொடுத்தார். கையுறை மாட்டவில்லை, கட்டிலில் படுக்கச் சொல்லவில்லை.

அடுத்த தடவையும் களிம்பு. அதற்கடுத்த தடவை கூடவே ஒரு மாத்திரை. ஓட்டுநர் இளைத்துக்கொண்டே வந்தார். அவருடைய காக்கிக் காற்சட்டைகளின் இடுப்பைத் தையல்காரி மறுபடி மறுபடி பிடித்துத் தைத்தாள்.

"கல்யாணத்தப்போ இப்படித்தான் இருந்தீங்க" என்றாள், ஊசியைப் பல்லில் கடித்தபடி.

"அப்போ இன்னொரு கல்யாணம் பண்ணிக்கலாம்னு சொல்லு."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒருநாள் நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்தியவரால் இருக்கையைவிட்டு எழ முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புற்றுநோய். கல்லீரல்வரை பரவியிருந்தது. குணப்படுத்தும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள்.

ஓட்டுநர் அதைத் தாங்கிக்கொண்ட விதம் எல்லோருக்கும் ஆச்சரியம். "வர்றது வந்துடுச்சு. யார்மேல கோபப்பட்டு என்ன?" என்பார். தையல்காரிக்குத்தான் வயிறு எரிந்தது. டாக்டர்மேல் வழக்குப் போட்டே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வக்கீலம்மா ஒருவரைத் தேடிப் பிடித்தாள். அந்த வக்கீலம்மா கேஸ் கட்டு முழுவதையும் வெளியூர் நிபுணர் ஒருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டாள்.

பதில் வந்த அன்று இருவரையும் கூப்பிட்டாள். ஓட்டுநர், மனைவி தைத்துத் தந்த மெத்தைத் திண்டைப் போட்டு மெதுவாக உட்கார்ந்தார். வக்கீலம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

"நல்ல சேதி சார். நம்ம கேஸ் அசைக்க முடியாது. முதல் தடவையே டெஸ்டுக்கு அனுப்பியிருந்தா ஆபரேஷனோட முடிஞ்சிருக்கும், ஆள் பிழைச்சிருப்பார்னு நிபுணர் அடிச்சுச் சொல்லிட்டார்."

"பிழைச்சிருப்பேனா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"ஆமா சார். அதுதான் நம்ம கேஸே."

அதைச் சொன்ன பிறகுதான் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பாடு அப்படியே ஆறியது.

"என்கிட்ட ஏதாவது பேசுங்க."

"விதின்னு நெனச்சு நிம்மதியா கிடந்தேன். அதையும் பிடுங்கிட்டாங்க."

'நீ பிடுங்கிட்டே' என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

"கேஸை வாபஸ் வாங்கிடலாங்க."

"வாங்கினா, கேட்டது கேக்காததா ஆயிடுமா?"

பிறகு அவருக்கு ஒரே ஆசை. டாக்டர் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தையல்காரி வாடகைக் காரில் கூட்டிப் போனாள். காத்திருப்போர் வரிசையில், இருமும் குழந்தைகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். சேதி உள்ளே போனதும் டாக்டரே கதவருகில் வந்தார்.

"எப்படி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "உங்ககிட்ட பேசக்கூடாதுன்னு என் வக்கீல் சொல்லியிருக்கார்."

"பேச வேண்டாம் டாக்டர். தலையையாவது ஆட்டுங்க. அன்னிக்குப் பார்த்திருக்கணும்னு தோணுதா?"

டாக்டரின் கழுத்து அசையவில்லை. கண் மட்டும் கலங்கியது. தரையைப் பார்த்தபடியே உள்ளே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார். நாக்கு நுனிவரை வந்த வசவுகளைத் தையல்காரி விழுங்கிக்கொண்டாள். கணவரை எழுப்பி நிறுத்தவே அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

வழக்கு விசாரணைக்கு வருமுன்பே ஓட்டுநர் போய்ச் சேர்ந்தார். கடைசி நாட்களிலும், "பிழைச்சிருப்பேன்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆமாம் என்றாலும் அழுவார், இல்லை என்றாலும் அழுவார்.

எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வந்தது. வக்கீலம்மா, "ஜெயிச்சுட்டோம்கா" என்றாள்.

"டாக்டர்மேல தப்புன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"இல்லக்கா. தப்பை ஒத்துக்காமதான் இழப்பீடு தர்றாங்க."

மகள் அவள் தோளைத் தொட்டாள். "போதும்மா, கையெழுத்துப் போட்டுடு." தையல்காரி போட்டாள். சண்டை போட அவளிடம் தெம்பு மிச்சமில்லை.

அதற்குப் பிறகு அவள் எந்த டாக்டரிடமும் போகவில்லை. முழங்கால் வீங்கித் தையல் மெஷினை மிதிக்க முடியாமல் போனபோதும் போகவில்லை.

"ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம்மா" என்று மகள் கெஞ்சினாள்.

"காட்டினா, பார்ப்பாங்களா?" என்று கேட்டாள் தையல்காரி.

மகள் எண்ணெய் எடுத்து வந்து காலைப் பிடித்துவிட உட்கார்ந்தாள்.