சாப்பாட்டுக்கு இரண்டு மார்க்

காலை பத்து மணிக்குக் காசிமிராவின் கடையில் நின்று சால்தென்யா சாப்பிடாதவர்கள் அந்தத் தெருவில் இரண்டே வகை: வெளியூர் போனவர்கள், செத்துப்போனவர்கள். கையளவு மாவுக்கூடு. உள்ளே இறைச்சியும் உருளைக்கிழங்கும் மிளகாய்ச் சாறுமாகத் தளும்பும். மூலையைக் கடித்து முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும். சட்டையில் சிந்தினால் அன்றைக்கு முழுக்கத் தெருவே உங்களைப் பார்த்துச் சிரிக்கும். மதியத்துக்கு மேல் வந்து கேட்டால், "நீங்க லா பாஸா?" என்று விசாரிப்பார்கள். மலைமேல் குளிரில் கிடக்கும் அந்தப் போட்டி ஊரின் பெயரைவிடப் பெரிய வசவு கொச்சபம்பாவில் கிடையாது.

முற்றத்து மூலையில் பச்சைச் செங்கல்லும் களிமண்ணும் குழைத்துக் கட்டிய விறகு அடுப்பு நிற்கிறது. அந்த ருசி முழுக்க அதிலிருந்துதான் வருகிறது. அதைப் பெயர்த்து எடுத்துப் போக முடியாது. பெயர்த்தால் ஒரு வண்டி மண்தான் மிஞ்சும். ஒருமுறை மழைக்காலத்தில் அது விரிசல் விட்டபோது காசிமிரா பக்கத்துத் தெரு கேஸ் அடுப்பில் சுட்டுப் பார்த்தாள். சுட்டதை அவளே வாயில் வைக்கவில்லை.

அந்த அடுப்புக்குத்தான் ஆபத்து வந்தது. மரியாதைக்கு ஊரே ‘தோன்’ போட்டுக் கூப்பிடும் வீட்டுக்காரர் எவாரிஸ்தோவுக்கு ஒரு நாள் மதியத் தூக்கத்துக்கும் காபிக்கும் நடுவில் ஞானம் பிறந்தது.

"தோன்யா காசிமிரா, உலகம் மாறிப்போச்சு. இப்பல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு ஆபீசுன்னு ஒண்ணு கிடையாது. மடியில கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு, எந்த ஊரு சல்லிசா இருக்கோ அங்க போய் உக்காந்து வேலை பாக்கறாங்க. நம்ம ஊரு இன்னும் அவங்க கண்ணுல படல, அவ்வளவுதான்."

"படாமலே இருக்கட்டுமே. நல்லாத்தானே இருக்கோம்?"

"இந்த வீட்டை அவங்களுக்காக மாத்தப்போறேன். அடுப்பு இருக்கற இடத்துல நீளமா ஒரு மேசை. மேல செடி தொங்கவிடணுமாம்."

"தொங்கவிட்டு?"

"அதுக்குக் கீழ உக்காந்து காபி குடிப்பாங்க."

காசிமிரா கையிலிருந்த மாவைப் பலகையில் ஓங்கி அறைந்தாள்.

விஷயம் இதுதான். பணம் போடப்போவது எவாரிஸ்தோவின் மச்சான். அவன் கெட்டிக்காரன். மலிவான ஊர்களுக்கு மார்க் போடும் இணையதளம் ஒன்று இருக்கிறதாம். அதிலிருந்து ஓர் ஆள் வந்து ஒரு வாரம் தங்கி, இணைய வேகம், சத்தம், மக்கள், சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று எழுதுவானாம். ஊருக்கு நல்ல மார்க் வந்தால் மச்சான் பணம் போடுவான், அடுப்பை உடைப்பார்கள், காசிமிராவும் பின்னறையில் குடியிருக்கும் செவெரோவும் வெளியே போக வேண்டும். மோசமான மார்க் வந்தால் எல்லாம் பழையபடி. ஆளைத் தங்க வைப்பதும் இதே வீட்டின் மாடியில்தான்.

செவெரோ பித்தளை வாத்தியக் குழுவில் தூபா ஊதுகிறவன். ஊதினால் ஜன்னல் கண்ணாடி அதிரும் பெரிய குழல் அது. காசிமிரா அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"ஒரே வழிதான் இருக்கு. வர்றவனை ஓட ஓட விரட்டணும்."

"அடிச்சா?"

"அடிச்சா போலீசு வரும்டா. நொந்து ஓடணும். நீ சத்தத்தைப் பாத்துக்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"இத்தனை வருசமா சத்தம் போடாதேன்னு என்னைத் திட்டினது நீங்கதானே?"

"இப்ப போடுங்கறேன். ஊது."

சனிக்கிழமை வந்து இறங்கினான் யெஸ்பர். டென்மார்க்காரன். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். அவனுடைய ஸ்பானிஷ் வகுப்பில் உட்கார்ந்து கற்றது. ஒரு வார்த்தையிலும் மடிப்புக் கலையாது.

"மதிப்பிற்குரிய அம்மையே, தங்களைச் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி."

"இருங்க தம்பி, ரோட்டுப் பக்கத்து ரூமைத் தர்றேன். நல்லா காத்து வரும்," என்றாள் காசிமிரா. காற்று வராது. மினிபஸ்களின் ஹாரன்தான் வரும். விடிவதற்குள் ஆரம்பித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கண் விழித்தபோது ஏதோ சரியில்லை என்று தோன்றியது. தெருவில் குருவி கத்துவது கேட்டது. வாசலுக்கு ஓடினாள். அகலமான சாலை முழுக்க ஒரு வண்டி இல்லை. குழந்தைகள் சைக்கிள் விட்டன. நடுரோட்டில் இரண்டு குடும்பங்கள் வலை கட்டிப் பந்து அடித்தன. பாதசாரிகள் தினம்! அன்றைக்கு ஊரில் ஒரு வண்டி ஓடக்கூடாது. ரேடியோவில் வாரக்கணக்காகச் சொன்னதை அடுப்புக் கவலையில் காதில் வாங்காமல் விட்டிருந்தாள்.

மாடி ஜன்னலில் யெஸ்பர் சத்தம் அளக்கும் கருவியை வைத்துக்கொண்டு நின்றான். கருவி தூங்கியது.

"அம்மையே, இந்நகரில் வாகனங்களே இல்லையா?"

"இன்னிக்கு மட்டுந்தான் தம்பி! நாளைக்குப் பாருங்க, காது கிழிஞ்சிடும்!"

"தங்கள் ஊர்ப் பெருமையைத் தாங்களே குறைத்துப் பேசும் அடக்கம் வியப்பளிக்கிறது," என்று குறித்துக்கொண்டான்.

சரி, தூபா இருக்கிறதே என்று பல்லைக் கடித்தாள். சாயங்காலம் செவெரோ ஜன்னலுக்கு நேர் கீழே நாற்காலி போட்டு, கன்னம் உப்ப ஊதினான். பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. யெஸ்பர் தடதடவென்று இறங்கி வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று காசிமிரா சந்தோஷப்பட்டாள். வந்தவன் கை தட்டினான்.

"மீண்டும் ஒருமுறை!"

செவெரோவின் வாழ்க்கையில் யாரும் அவனிடம் அதைச் சொன்னதில்லை. பெண்டாட்டி இருந்தவரைக்கும் அவளும் சொன்னதில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே யெஸ்பரைக் குழு ஒத்திகைக்குத் தோளில் கை போட்டு அழைத்துப் போனான்.

"தங்கமான பையன், தோன்யா," என்றான் திரும்பி வந்து.

"துரோகி," என்றாள் காசிமிரா.

இனி தனி ஆள். செவ்வாய்க்கிழமை இணையப் பெட்டியை எடுத்து அடுப்புக்குப் பின்னால் வைத்து, மேலே இரும்புத் தட்டுகளை அடுக்கினாள். சற்று நேரத்தில் யெஸ்பர் இறங்கி வந்தான்.

"அம்மையே, இணையம் இறந்துவிட்டது."

"அடடா! எப்ப உயிர் வரும்னு சொல்ல முடியாது தம்பி. இங்க இப்படித்தான்."

கத்துவான், வீட்டுக்காரரைக் கூப்பிடுவான், பெட்டியைக் கட்டுவான் என்று காத்திருந்தாள். அவனோ மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட பிள்ளை மாதிரி முகம் மலர்ந்து முற்றத்து நாற்காலியில் சாய்ந்தான். வாயைத் திறந்தபடி சாயங்காலம் வரை தூங்கினான். புதன்கிழமை சாலை மறியல் வந்தது. அது காசிமிராவின் ஏற்பாடு இல்லை. இந்த ஊரில் மறியலுக்கென்று யாரும் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. மாட்டிக்கொண்டு தவிப்பான் என்று பார்த்தால், மறியல் செய்தவர்களோடு உட்கார்ந்து அவித்த உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் தின்றுவிட்டு, கையில் அவர்களுடைய கொடியோடு வந்தான்.

மிஞ்சியது சாப்பாடு. அதில் கை வைக்கக் காசிமிராவுக்கு மனசே இல்லை. ஆனால் அடுப்பா, மானமா என்று வந்தபிறகு என்ன செய்வது? வியாழக்கிழமை அவனுக்கென்று தனியாக ஒரு சால்தென்யா செய்தாள். சாறு இல்லை. உப்பு ஒரு பிடி. ஒரு பக்கம் கருகவும் விட்டாள். அடையாளத்துக்கு ஓரத்தை வேறு மாதிரி மடித்துவைத்தாள். பத்து மணிக்கு அவன் வந்தான், தட்டை வாங்கினான், வாயருகே கொண்டுபோனான்.

காசிமிராவின் கை தானாக நீண்டது. வெடுக்கென்று பிடுங்கிவிட்டாள்.

"அது... அது ஆறிப்போச்சு தம்பி. இந்தாங்க, இது சூடு."

முதல் நாள் சட்டையெல்லாம் சிந்தியவன், இப்போது கொஞ்சம் தேறியிருந்தான். ஒன்று தின்றான், இன்னொன்று கேட்டான், மூன்றாவதையும் கேட்டான். காலித் தட்டைப் பார்த்ததும் காசிமிராவுக்கு மதி மயங்கிவிட்டது. மதியம் நிலக்கடலை சூப் வைத்தாள். வெள்ளிக்கிழமை தட்டு மறைய இறைச்சியைத் தட்டிப் பொரித்து, மேலே முட்டை வைத்துக் கொடுத்தாள். ஊட்டாத குறைதான். தன் அடுப்புக்குத் தானே கடப்பாறை எடுத்துக் கொடுக்கிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் இன்னொரு கரண்டி போட்டாள்.

சனிக்கிழமை பத்து மணி. கடை நிறைந்திருந்தது. தோன் எவாரிஸ்தோ செல்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். முகம் தொங்கியிருந்தது.

"மார்க் வந்துடுச்சு. கேளுங்க, எல்லாரும் கேளுங்க. இணையம், ஒண்ணு."

காசிமிராவின் வயிற்றில் பால் வார்த்தது.

"சத்தம், ரெண்டு. ‘நாள் முழுக்கத் தூபா’ன்னு எழுதியிருக்கான்."

ஓரத்தில் நின்ற செவெரோவுக்கு முகம் செத்துவிட்டது.

"மக்கள், மூணு. சாப்பாடு..." எவாரிஸ்தோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "சாப்பாடு, ரெண்டு."

எல்லாரும் மெதுவாகக் காசிமிராவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"லா பாஸுக்கு எத்தனை?" என்று ஒருவர் ஈனசுரத்தில் கேட்டார்.

"ஏழு."

காசிமிரா மாவு தேய்க்கும் கட்டையோடு மாடி ஏறினாள். யெஸ்பர் பெட்டி கட்டிக்கொண்டிருக்கவில்லை. சட்டைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"நெட்டுக்கு ஒண்ணு போட்டே, நான் கேட்டேனா? சத்தத்துக்கு ரெண்டு போட்டே, கேட்டேனா? சாப்பாட்டுக்கு ரெண்டா? லா பாஸுக்கு ஏழாம்! லா பாஸ்காரன் என்னத்தைத் திங்கறான்? குளிரைத்தானே திங்கறான்!"

"அம்மையே, அமருங்கள்."

"உக்கார மாட்டேன்!"

"நான் ஒரு கடற்கரை ஊரைப் புகழ்ந்து எழுதினேன்," என்றான் யெஸ்பர். "என்னைப் போன்றவர்கள் கூட்டமாக வந்தார்கள். வாடகை ஏறியது. எனக்கே அங்கு இடமில்லாமல் போயிற்று. அடுத்த ஊரைப் புகழ்ந்தேன். அங்கும் அப்படியே. அங்கே எனக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்த பெண்மணி எங்கே போனார் என்று தெரியவில்லை. அவர் கடை இருந்த இடத்தில் இப்போது செடி தொங்குகிறது."

காசிமிரா உட்கார்ந்துவிட்டாள்.

"இங்கேயே தங்கிவிட எண்ணுகிறேன். ஆகவே எல்லாவற்றுக்கும் குறைத்துப் போட்டேன். தங்கள் உணவுக்கு உரியதைப் போட்டால், மற்றவை அனைத்தும் பூச்சியமானாலும் அவர்கள் வந்துவிடுவார்கள்."

"அப்ப உள்ளபடி எத்தனை?"

"பத்துக்கு மேல் போட அதில் வழியில்லையே, அம்மையே."

சந்தோஷத்தில் நெஞ்சு விம்மியது. உடனே எரிச்சலும் வந்தது. இந்தப் பத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

"எட்டாச்சும் போடேன் தம்பி. லா பாஸுக்குக் கீழ நின்னுக்கிட்டு நான் எப்படி இந்தத் தெருவுல நடமாடறது?"

முடியாது என்று யெஸ்பர் பாவமாகத் தலையை ஆட்டினான்.

அவள் கீழே வந்தபோது யாரும் நகர்ந்திருக்கவில்லை. எவாரிஸ்தோ மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் முகத்தில் சந்தேகம் ஏறியிருந்தது.

"மச்சான் மாட்டேன்னுட்டான். ஆனா எனக்கு ஒண்ணு இடிக்குது. இந்த செவெரோ சொல்றான், அந்த டென்மார்க்காரன் தினமும் மூணு மூணா தின்னானாம். மூணு தின்னவன் ரெண்டு போடுவானா? இதுல ஏதோ பொய் இருக்கு. வேற ஆளை வரச்சொல்லி மறுபடி மார்க் போடச் சொல்லலாம்னு பாக்கறேன். நீங்களே சொல்லுங்க, தோன்யா. உங்க சாப்பாடு ரெண்டு மார்க் சாப்பாடா?"

தெருவே அவள் வாயைப் பார்த்தது. காசிமிரா அடுப்பைப் பார்த்தாள். வாய்ப்பக்கம் கருத்து, மேலே விரிசல் பூசிய தழும்போடு அது கனன்றுகொண்டிருந்தது. கட்டையை மேசைமேல் வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தாள்.

"பொய் இல்ல, தோன் எவாரிஸ்தோ," என்றாள். "என் கைதான் போயிடுச்சு. மாவு சரியா வரல. உப்பும் தூக்கல். பாவம், மரியாதைக்காகத் தின்னிருக்கான்."

ஒரு கிழவர் சாவு வீட்டில் கழற்றுவது போலத் தொப்பியைக் கழற்றினார். வாய் நிறையச் சால்தென்யாவோடு நின்றவர்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. பேச வாயைத் திறந்தால் சாறு சிந்திவிடும். எவாரிஸ்தோ செல்போனைப் பையில் போட்டுக்கொண்டார். எந்தக் கொச்சபம்பாக்காரியும் இப்படி ஒரு பொய் சொல்ல மாட்டாள் என்று அவருக்கும் தெரியும். பெருமூச்சு விட்டுவிட்டு, தோளில் கை வைத்து, "மனசை விட்டுடாதீங்க, வயசானா அப்படித்தான்," என்று ஆறுதல் சொல்லிப் போனார்.

அந்த ஆறுதலைத்தான் காசிமிராவால் தாங்க முடியவில்லை. அடுப்புக்குப் பின்னால் போய், இணையப் பெட்டிமேல் அடுக்கியிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து டமால் டமால் என்று வைத்து அழுதாள்.

கூட்டம் கலைந்த பிறகு யெஸ்பர் இறங்கி வந்தான். தட்டை நீட்டினான். அவள் ஒன்று வைத்தாள். மூலையைக் கடித்து, சாற்றை உறிஞ்சி, ஒரு சொட்டுச் சிந்தாமல் முடித்தான். இன்னொன்று வைத்தாள். அதையும் முடித்து மறுபடி நீட்டினான்.

"கிடையாது," என்றாள் காசிமிரா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ரெண்டு மார்க்குக்கு ரெண்டுதான்."

யெஸ்பர் தலையைக் குனிந்துகொண்டான். காலித் தட்டு அவன் கையிலேயே இருந்தது. காசிமிரா வேறு பக்கம் திரும்பி விறகைத் தள்ளினாள், மாவை மூடினாள், திரும்பி ஒருமுறை தட்டைப் பார்த்தாள். பிறகு அவனைத் திட்டிக்கொண்டே மூன்றாவதை எடுத்து வைத்தாள்.